தேதி இல்லாத மீன் தீனி பாக்கெட்டை வாங்காதீர்கள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் தொட்டி மீன் வளர்ப்பவர்கள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். கடையிலேயே கவரில் கட்டி, பளபளவென்று மீன் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்களே, அந்தப் பெல்லட் தீனியை வாங்காதீர்கள். அதைப் போட்டு எங்கள் வீட்டுத் தொட்டியில் பாதி மீன் போய்விட்டது.

வாங்கியது புதுச்சேரியில், ஓரளவு பெரிய வளர்ப்பு மீன் கடையில். வழக்கமாக வாங்கும் டப்பா இருப்பு இல்லை என்றார்கள். "இதைக் கொண்டு போங்க தம்பி, தாய்லாந்து சரக்கு. உள்ள இருக்கறது அதே தீனிதான், டப்பா காசு உங்களுக்கு மிச்சம்" என்று கடைக்காரர் ஒரு கால் கிலோ பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். 90 ரூபாய். ஸ்டிக்கரில் 'ஹை புரோட்டீன்', 'கலர் கூட்டும்' என்றெல்லாம் இருந்தது. யார் தயாரித்தது, எப்போது கட்டியது என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

முதலில் மோலி என்ற சின்ன மீன்கள்தான் காட்டிக்கொடுத்தன. பெல்லட்டை வாயில் வாங்கும், உடனே துப்பும், மறுபடி வாங்கும், துப்பும். துப்பிய துண்டுகள் ஊறி அடியில் கூழாகக் கிடந்தன. தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் கட்டியது. கண்ணாடி டம்ளரில் நாலு பெல்லட்டைப் போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ரோஸ் நிறமாகிவிட்டது. கலர் கூட்டும் என்றது இந்தச் சாயத்தைத்தான் போல.

அப்புறம் எங்கள் பெரிய ஒராண்டா, அதுவும் ஒரு வகை கோல்டு பிஷ்தான். வயிறு உப்பி, செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு, பில்டர் ஓரமாக ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் வேகவேகமாகத் திறந்து மூடியது. வளர்த்தவர்களுக்குத் தெரியும், செதில் தூக்கிய மீன் பிழைப்பது அபூர்வம்.

கடைக்குப் போய்ச் சொன்னால், "தீனியில ஒண்ணும் இல்ல, உங்க தண்ணியிலதான் கோளாறு" என்று நீல மருந்து ஒரு பாட்டிலை விற்றார். மெத்திலீன் ப்ளூ. பூஞ்சைத் தொற்றுக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் தொட்டியில் நேராக ஊற்றினால் பில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவையும் அது பாதிக்கும். அழுகும் தீனியிலிருந்தும் மீன் கழிவிலிருந்தும் வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது அந்தப் பாக்டீரியாதான். வெயில் காலத்தில் அம்மோனியாவின் விஷம் கூடும், தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். அந்த நேரத்தில் இந்த மருந்தைத் தனித் தொட்டியில்தான் போட வேண்டும் என்று சொல்லாமல் விற்றது இரண்டாவது அநியாயம். மருந்து போட்ட பிறகுதான் மற்ற சிலவும் வரிசையாகப் போயின.

அடுத்த முறை போனபோது கடைக்குப் பின்னால் பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஈரம் ஊறிய சுவரை ஒட்டி, வெறும் தரையில், வாய் திறந்த மூட்டை. அதிலிருந்து குவளையால் அள்ளி அள்ளிக் கவரில் கொட்டினார் ஒரு பையன். ரோகு, கட்லா வளர்க்கும் குளங்களுக்குப் போடும் மிதவைத் தீனி மூட்டை அது. தாய்லாந்தும் இல்லை, ஒன்றும் இல்லை. தயாரித்த மாதம் மூட்டையிலேயே அச்சாகியிருந்தது. போன ஐப்பசி மழைக்கும் முந்தையது. அடியில் தீனி கட்டிகட்டியாக ஒட்டி, சாம்பல் நிறத்தில் பூத்திருந்தது. கேட்டதற்கு, "வெயில்ல ஒரு காய்ச்சல் போட்டா சரியாப் போயிடும்" என்றார் கடைக்காரர்.

சரியாகாது. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்த என் மாமா மகனிடம் மிச்சமிருந்த பாக்கெட்டைக் காட்டினேன். முகர்ந்ததுமே, "எண்ணெய் சிக்கெடுத்துப் போச்சு, கீழ கொட்டுங்க" என்றான். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் கடலை போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல: ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960-ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்தது கடலைப் பிண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சால்தான். அதே காலத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் டிரவுட் மீன்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்ததும் இதே நஞ்சு கலந்த தீனியால். வெயிலில் காய வைத்தால் பூஞ்சை காயும், நஞ்சு போகாது. எங்கள் தீனியை யாரும் லேபில் சோதிக்கவில்லை, அதனால் மீன்கள் இதனால்தான் செத்தன என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பூத்துப்போன மூட்டையிலிருந்து அள்ளி, வெளிநாட்டுச் சரக்கு என்று விற்றதை என் கண்ணால் பார்த்தேன்.

விலை குறைந்த தீனி எல்லாமே மோசம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கோல்டு பிஷ்ஷும் கெண்டைக் குடும்பம்தான், ரோகுவுக்கு உறவு. புது மூட்டையாக இருந்தால் குளத்துத் தீனியைத் தின்று அது சாகாது. நம் ஊர்க் கம்பெனிகள் சீல் வைத்து விற்கும் சாதாரண பாக்கெட்டே மோலிக்கும் கப்பிக்கும் போதும். பழசா புதுசா என்பதுதான் விஷயம். திறந்த தீனியில் வைட்டமின் சி சீக்கிரம் அழிந்துபோகும். அது குறைந்தால் வளரும் மீனுக்கு முதுகு கோணும். அதனால் ஒன்றிரண்டு மாதத்தில் தீர்கிற அளவே வாங்குங்கள். டப்பாவைத் தொட்டி மூடியின் மேல் வைக்கும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. அங்கே விளக்குச் சூடும் ஈரமும் சேரும். வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

பொட்டலமிட்டு விற்கும் பொருளில் கட்டியவர் பெயர், முகவரி, எடை, விலை, மாதம், வருடம், புகார் செய்ய எண் எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. இல்லாவிட்டால் கடைக்காரரிடமே கேளுங்கள், கட்டாயம் பில் வாங்குங்கள். எனக்குத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அதையும் பாக்கெட்டின் படத்தையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். இதே மாதிரி பாக்கெட் உங்கள் வீட்டில் இருந்தால், கொட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் கூப்பிடுங்கள்.