ஆறு ஆண்டுகளாக என்னோடு இருக்கும் செல்லோ

ஓர் ஆர்கெஸ்ட்ரா சேம்பிள் லைப்ரரியை, அதாவது உண்மையான வாத்தியங்களை ஸ்வரம் ஸ்வரமாகப் பதிவு செய்து, கணினியில் கீபோர்டால் வாசிக்கத் தரும் தொகுப்பை, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆறு ஆண்டுகளாக அதில்தான் இசை எழுதுகிறேன். எத்தனை மைக், எவ்வளவு ரேம் என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாததைச் சொல்கிறேன்: இதன் வயலின்கள் நான் கட்டையை அழுத்தும் கணத்தில் ஒலிப்பதில்லை.

ஸ்வரங்கள் இடைவெளியின்றி இணைந்து ஒலிக்கும் லெகாட்டோவுக்காக, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு விரல் நகர்வதையும் சேர்த்தே பதிவு செய்திருக்கிறார்கள். மெட்டு அறுபடாமல் பாடுவது அதனால்தான். ஆனால் போய்ச் சேரவேண்டிய ஸ்வரம் சில இடங்களில் 250 மில்லிவினாடி கழித்தே வருகிறது. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் அது அரைத் தட்டு. முன்பகுதியை வெட்டிவிடலாம் என்றால் அந்த நகர்வே போய்விடும்.

அந்த வாத்தியத்தின் ட்ராக்கை மொத்தமாக முன்னால் இழுத்தாலும் சரியாகாது. மெல்ல அழுத்தினால் நீண்ட நகர்வு, வேகமாக அடித்தால் குறுகிய நகர்வு, இரண்டுக்கும் தாமதம் வேறு. மெட்டின் முதல் ஸ்வரத்துக்கு முன்னால் நகர ஒன்றும் இல்லை, அதனால் அது முந்திக்கொள்கிறது. ஸ்வரங்களைச் சுருக்கமாக வெட்டி வாசிக்கும் ஸ்டக்காட்டோவின் கணக்கு தனி. ஆகவே வாசித்து முடித்த பிறகு ஒவ்வொரு ஸ்வரமாக இடப்பக்கம் தள்ளி உட்காரவைக்கிறேன். ஐந்து நிமிடத்தில் தோன்றிய மெட்டுக்கு ஒரு மாலை முழுக்கப் போய்விடுகிறது.

இதையும் பொறுத்துக்கொண்டேன். சென்ற மாதம் வந்த அப்டேட்டில் அந்தத் தாமதங்களையே குறைத்துவிட்டார்கள். குறைத்தது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன் முடித்த ஒரு படைப்பைத் திறந்தபோது, நான் கையால் தள்ளிவைத்த ஸ்வரங்கள் அத்தனையும் தாளத்துக்கு முன்னால் ஓடின. பழைய பதிப்புக்குத் திரும்ப வழியே வைக்கவில்லை. அடுத்தவர் உழைப்பின் மேல் இவ்வளவு அலட்சியமா? கோபம் இன்னும் ஆறவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் தனிச் செல்லோவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வாசிப்பின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கீபோர்டின் சக்கரமான மாட்வீலை அடிவரை இறக்கி, அருகில் வைத்த மைக்கை மட்டும் திறந்து, கீழ்க்கம்பியின் ஒரு ஸ்வரத்தை அழுத்தினால், வில் கம்பியைத் தொடுவதற்கு முன் வாசிப்பவர் மூச்சை இழுப்பது கேட்கிறது. அந்த ஸ்வரத்துக்கு மாறி மாறி ஒலிக்கும் இரண்டு பதிவுகள் உண்டு. மூச்சு இரண்டாவதில் மட்டும். வாங்கி இரண்டு ஆண்டுகள் கழித்து, ஓர் இரவில் ஹெட்போன் வழியாகத் தற்செயலாகக் கேட்டேன். அந்த மூச்சைத் துடைத்தெடுக்காமல் விட்டவருக்கு இசை தெரியும். அது தேவைப்படும் இடத்தில், ஒலியளவை ஆளும் எக்ஸ்பிரஷனைச் சுழியத்துக்கு இறக்கி அதே ஸ்வரத்தை முன்னால் ஒருமுறை ஒலிக்கவிடுகிறேன். முதல் பதிவு யார் காதிலும் விழாமல் கழிந்துபோகும். பிறகு எக்ஸ்பிரஷனைத் திரும்ப ஏற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் மெல்ல ஏற்றும்போது ஸ்வரம் திறந்துகொள்ளும் விதத்தை வேறு எந்த லைப்ரரியிலும் நான் கேட்டதில்லை.

நண்பருக்கு, வேண்டாம் என்று எழுதிவிட்டேன். கெடு நெருக்கத்தில் வேலை செய்பவர் அவர். ஸ்வரம் ஸ்வரமாகத் தள்ளிக்கொண்டிருக்க அவருக்கு நேரம் கிடையாது. அந்தச் செல்லோவை மட்டும் தனியாக விற்றால் இன்றைக்கே வாங்குங்கள் என்பேன். தனியாக விற்பதில்லை.