சமச்சீர் அலங்காரம் வரைய கிரிட்டாவா, இங்க்ஸ்கேப்பா?

ஒரே கோட்டைத் திருப்பித் திருப்பி நகலெடுத்து அலங்காரம் வரைய, இலவசமாகக் கிடைக்கும் நல்ல மென்பொருள்கள் இவை இரண்டும்.

கிரிட்டாவில் ஒரே நேரத்தில் பல தூரிகைகளால் வரையும் மல்டிபிரஷ் கருவியில் ஸ்னோஃப்ளேக் முறையைத் தேர்ந்து, எத்தனை தூரிகை என்று சொன்னால் போதும். கை ஒரு கோடு இழுக்கும்போதே மையத்தைச் சுற்றி மற்ற கோடுகளும் கண்ணாடிப் பிம்பங்களாகச் சேர்ந்து விழும். அந்த உடனடி மகிழ்ச்சிக்கு ஈடில்லை. ஆனால் விழுந்தது பிக்சல், அதாவது வெறும் நிறப் புள்ளிகள். இதழின் வளைவை மாற்ற நினைத்தால் அழித்துத்தான் வரைய வேண்டும்.

இங்க்ஸ்கேப்பின் வழி வேறு. இரு திசையிலும் திரும்பத் திரும்ப வந்து தளத்தை நிரப்பும் சமச்சீர் வகைகள் மொத்தம் 17தான்; 1891இல் ரஷ்யப் படிகவியலாளர் ஃபெதரோவ் இதை நிறுவினார். அந்த 17ம் இங்க்ஸ்கேப்பில், ஒரு வடிவத்தை ஓடு பதிப்பதுபோல் நகலெடுத்துப் பரப்பும் டைல்டு குளோன் பெட்டியில் இருக்கின்றன! அவற்றில் ஒன்றான பி6எம் வகைக்கு 30-60-90 பாகை முக்கோணத்துக்குள் வரைந்தால், 12 முக்கோணங்கள் ஓர் அலகாகச் சேர்ந்து பரவும். அப்புறம் மூல வடிவத்தில் ஒரு புள்ளியை நகர்த்தினாலும் எல்லா நகல்களும் கூடவே மாறும். இடைவெளி எண்களைச் சரிசெய்யக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

ஒற்றை வட்டப் பூ போதுமென்றால் கிரிட்டா. துணி அச்சுக்கோ தரை ஓட்டுக்கோ என்றால் தயங்காமல் இங்க்ஸ்கேப்பையே சொல்வேன்: கோடுகளைப் புள்ளிகளாக அல்லாமல் கணித வடிவமாகச் சேமிக்கும் வெக்டர் என்பதால் எவ்வளவு பெரிதாக அச்சிட்டாலும் கோடு கலங்காது.