சேல்ஸுக்கு டிகிரி வேணுமா: லைனுக்குப் போறவன், காலேஜ் போறவன், கரஸ்ல (தபால் வழில) படிக்கறவன், யாருக்கு காசு மிஞ்சுது?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தா சேலத்துல பாதி வீட்டுல ஓடற பஞ்சாயத்து இது. பையனுக்கு படிப்பு சுமார்தான், ஆனா வாய் இல்லன்னா நாய் தூக்கிட்டுப் போயிரும்ங்கற ரகம். மாமா சொல்லுவாரு, சேல்ஸ்ல போட்டா பொழச்சுக்குவான், எதுக்கு மூணு வருஷம் பிகாம்னு. அம்மா சொல்லும், ஒரு டிகிரி கூட இல்லாம எவன் பொண்ணு குடுப்பான்னு. அம்மா சொல்றதும் பொய்யில்ல, வரன் பாக்கறவங்க முதல்ல கேக்கறதே அதைத்தான், ஆனா அந்த கணக்கை இங்க எடுக்கல. காசு கணக்கு மட்டும் பாப்போம்.

முதல்ல நேரா லைனுக்குப் போறவன், அதாவது கடை கடையா ஏறி ஆர்டர் எடுக்கற சேல்ஸ்மேன். செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் கம்பெனி சரக்க கடைங்களுக்கு சப்ளை பண்ற எந்த ஏஜென்சிக்கு போனாலும் சேல்ஸ்மேன் தேவைன்னு போர்டு தொங்கிட்டேதான் இருக்கும், ஏன்னா வர்றவன் நிக்கறதில்ல. காலைல ஆர்டர் எடுக்க கிளம்பணும், ஒரு நாள் அம்மாபேட்டை, ஒரு நாள் கொண்டலாம்பட்டி, ஒரு நாள் சூரமங்கலம்னு பீட் பிரிச்சு குடுத்துருவாங்க, கடைக்காரர் பழைய பாக்கிய குடுக்காம புது சரக்கு கேப்பாரு, அவர்கிட்ட சிரிச்சுகிட்டே கலெக்ஷனும் பண்ணணும் பில்லும் போடணும், மாசக் கடைசில டார்கெட் முடியலன்னா ஃபோன் மேல ஃபோன். ஏற்காடு பீட் கெடச்சவன் பாடு இன்னும் மோசம், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி நாகலூர், செம்மடுவுன்னு தூர தூரமா இருக்கற கடைங்கள புடிக்கணும், லீவு நாள்ல டூரிஸ்ட் வண்டி நெரிசல்ல மாட்டினா அன்னிக்கு கதை முடிஞ்சுது. ஆனா ஒண்ணு, மூணு வருஷம் இதுல தாக்குப்பிடிச்ச பையனுக்கு ஊர்ல எந்த கடை எப்ப பணம் குடுக்கும், எவன் கடனை இழுத்தடிப்பான், எந்த சரக்கு எங்க ஓடும்னு அத்துப்படி. இதை எந்த பிபிஏ சிலபஸ்லயும் சொல்லித் தரமாட்டாங்க.

அடுத்து காலேஜ் போறவன். இங்கதான் எல்லாரும் ஃபீஸ மட்டும் பாத்து ஏமாறுறாங்க. செரி ரோடு அரசு கலைக் கல்லூரிலயோ, பொண்ணுங்கன்னா கோரிமேடு அரசு மகளிர் காலேஜ்லயோ சீட்டு கெடச்சா ஃபீஸ் ஒரு செலவே இல்ல. அரசுப் பள்ளில ஆறாவதுலருந்து படிச்ச பொண்ணுன்னா புதுமைப்பெண்ல மாசம் 1000 ரூபா வருது, 2024லருந்து பசங்களுக்கும் தமிழ்ப்புதல்வன்ல அதே 1000. அப்ப காலேஜ் ஓசிதானேன்னு தோணும். ஓசி இல்ல. அந்த மூணு வருஷம் சம்பாதிக்காம விட்ட சம்பளம்தான் நிஜமான ஃபீஸ்.

ஒரு உத்தேச கணக்கு போடறேன், நம்பரை உங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கங்க. லைனுக்குப் போறவன் மாசம் 13,000ன்னு வச்சா மூணு வருஷத்துல 4,68,000. காலேஜ் போறவனுக்கு தனியார் காலேஜ்ல ஃபீஸ், பஸ், சில்லறைன்னு வருஷம் 50,000, மூணு வருஷத்துக்கு 1,50,000. ரெண்டையும் கூட்டினா 6,18,000 பின்னாடி நிக்கறான். சரி, டிகிரி வாங்கிட்டு அதே ஊர்ல அதே சேல்ஸ்க்கு வர்றான், ஆரம்பத்துல 17,000 குடுக்கறாங்கன்னு வைங்க, அதே நேரம் மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் இருக்கறவனும் 17,000ல வந்து நிப்பான். அப்ப டிகிரிக்கு 21 வயசுல கெடைக்கற லாபம் சைபர்!

லாபம் வந்தா 25 வயசுக்கு மேலதான் வரும். எப்படின்னா, ஏஜென்சி சேல்ஸ்மேன் டிஸ்ட்ரிபியூட்டர் ஆளு, கம்பெனி ஆளு இல்ல. கம்பெனி சட்டை போட்டிருப்பான், கம்பெனி ஆப்ல ஆர்டர் போடுவான், ஆனா சம்பளம் டிஸ்ட்ரிபியூட்டரோ இல்ல நடுவுல இருக்கற ஒரு ஏஜென்சியோ குடுக்கும், இதைத்தான் ஆஃப் ரோல்ங்கறது. அங்கருந்து கம்பெனி ரோலுக்கு சேல்ஸ் ஆபீசரா தாவற எடத்துலதான் எச்ஆர் முதல் கட்டம் டிகிரின்னு வச்சிருப்பான். திறமையில ரெண்டு பேரும் சமமா இருந்தாலும் அந்த கட்டத்துல டிக் இல்லாதவன் பேரு மேனேஜர் டேபிளுக்கே போகாது. இப்ப ஒருத்தன் 22,000ல நிக்கறான், இன்னொருத்தன் 30,000க்கு போயிட்டான்னா வருஷத்துக்கு 96,000 வித்தியாசம், 6,18,000ஐ மீட்க ஆறரை வருஷம், ஆக 31, 32 வயசுலதான் காலேஜ் போனவன் சமத்துக்கு வர்றான். அதுக்கப்புறம் வர்றதெல்லாம் லாபம், பிஎஃப், டிஏ (தினப்படி), இன்சென்டிவ் எல்லாம் சேந்து அந்த லாபம் சின்னதும் இல்ல. ஆனா கம்பெனி ரோலுக்கு போகவே இல்லன்னா அந்த ஆறு லட்சம் போனது போனதுதான்.

டிகிரி கேக்கற இந்த கதவு எங்க இருக்குன்னு பளிச்சுன்னு தெரியணும்னா எல்ஐசிய பாருங்க. ஏஜென்ட் ஆக பத்தாவது பாஸ் போதும், ஐசி 38 பரீட்சை எழுதணும், அவ்வளவுதான். கமிஷனுக்கும் படிப்புக்கும் சம்பந்தமே இல்ல, பாலிசி போட்டா காசு. ஆனா அதே ஏஜென்ட்டுங்கள வச்சு வேலை வாங்கற டெவலப்மென்ட் ஆபீசர் ஆகணும்னா, அப்ரென்டிஸா எடுக்கறப்பவே டிகிரி கேக்கறாங்க. பத்து வருஷமா கிளைல முதல் ஆளா பிசினஸ் குடுத்த ஏஜென்ட்டா இருந்தாலும் டிகிரி இல்லன்னா அப்ளிகேஷனே போட முடியாது. விக்கறதுக்கு டிகிரி வேணாம், விக்கறவங்களுக்கு மேல உக்காரத்தான் வேணும்.

மெடிக்கல் ரெப் தனி உலகம். அங்க பிபார்ம், பிஎஸ்சின்னுதான் பெரும்பாலும் கேப்பாங்க, டாக்டர் ரூமுக்குள்ள ரெண்டு நிமிஷம் மருந்தைப் பத்தி பேசணுமே. அந்த ஆசை இருந்தா காலேஜ் பத்தி யோசிக்கவே வேணாம், போயிருங்க. இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் சிவதாபுரம், பனங்காடு வெள்ளி கொலுசு வியாபாரம். சாம்பிள எடுத்துகிட்டு வடக்க போய் ஆர்டர் புடிக்கற ஆளுக்கு ஹிந்தி தெரியுமா, நம்பி சரக்கு குடுக்கலாமா, அது ரெண்டுதான் கேள்வி. இளம்பிள்ளை சேலைக்கும் இதேதான். அங்க போய் மார்க்ஷீட்ட நீட்டினா சிரிப்பாங்க. ஜவுளிக்கடை கவுன்ட்டர் சேல்ஸ்லயும் டிகிரிக்குன்னு பெருசா ஏத்தி குடுக்கறதில்ல, நாள் பூரா நிக்கற வேலை அது, உக்கார சேர் குடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021ல சட்டமே திருத்த வேண்டி வந்துச்சு.

இப்ப மூணாவது ஆளு, என்னோட ஓட்டு இவனுக்குத்தான். வேலைக்கும் போறான், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மாதிரி எடத்துல கரஸ்ல பிகாமோ பிபிஏவோ போட்டு வைக்கறான். சம்பளம் நிக்கல, ஃபீஸ் வருஷத்துக்கு சில ஆயிரம், 22 வயசு வாக்குல கைல நாலு வருஷ அனுபவமும் இருக்கு டிகிரியும் இருக்கு. மேல போட்ட கணக்குல அந்த ஆறு லட்சம் ஓட்டை இவனுக்கு விழவே இல்ல. குறை இல்லாம இல்ல. சில கம்பெனில ரெகுலரா கரஸ்ஸான்னு கேட்டு மூஞ்ச சுளிப்பாங்க, காலேஜ் கேம்பஸ்க்கு வர்ற கம்பெனி இவன் கண்ணுலயே படாது, நாள் பூரா வண்டி ஓட்டிட்டு வந்து ராத்திரி புக்க தொறக்கறதுக்கு தனி மனசு வேணும், பாதில விடறவங்க நெறைய. அப்புறம் பத்தாவது, ப்ளஸ் டூ, டிகிரின்னு வரிசை தப்பாம இருக்கணும், ப்ளஸ் டூ இல்லாம நேரா வாங்கற ஓப்பன் டிகிரி அரசு வேலைக்கு செல்லாது. சேர்றதுக்கு முன்னாடி அந்த கோர்ஸுக்கு யுஜிசி அனுமதி இருக்கான்னு அவங்க சைட்லயே பாத்துக்கங்க, ஏஜென்ட் வாய் வார்த்தைய நம்பாதீங்க.

எம்பிஏ பத்தியும் கேப்பீங்க. ஐஐஎம் மாதிரி எடம்னா அது வேற விளையாட்டு, போங்க. ஊருக்கு பக்கத்துல ஏதோ ஒரு காலேஜ்ல 6 லட்சம் லோன் போட்டு படிச்சுட்டு அதே சேல்ஸ் ஆபீசர் வேலைக்கு வர்றதுன்னா, பத்தரை வட்டில ஏழு வருஷத்துக்கு இஎம்ஐ மாசம் பத்தாயிரத்து சொச்சம். 25,000 சம்பளத்துல அதை கட்டிட்டு பெட்ரோலுக்கு என்ன பண்றது? படிப்பு லோன் வட்டிக்கு வரிச்சலுகை இருக்கேம்பாங்க, அது பழைய வரி முறைல மட்டும்தான், அதுவும் இந்த சம்பளத்துக்கு வரியே கெடையாது, சலுகைய வச்சுகிட்டு என்ன பண்ண. எம்பிஏ படிச்சே ஆகணும்னா ரெண்டு மூணு வருஷம் லைன்ல சுத்திட்டு போங்க, இன்டர்வியூல பேசவாவது விஷயம் இருக்கும்.

சொந்தமா ஏஜென்சி எடுக்கற நெனப்பு இருக்கறவனுக்கு இதெல்லாம் வேற மாதிரி. காலேஜ்க்கு போற அந்த 1,50,000ஐ முதலா வச்சு, சம்பளத்துலயும் கொஞ்சம் ஒதுக்கினா சின்ன பிராண்டு டெபாசிட்டுக்காவது ஆகும், கம்பெனிக்காரன் குடோன் எவ்வளவு பெருசு, வண்டி இருக்கா, எத்தனை நாள் கடன் தாங்குவன்னுதான் கேப்பான். இவனுக்கும்கூட கரஸ் டிகிரி ஒண்ணு பீரோல இருந்தா நஷ்டமில்ல, வியாபாரம் படுத்தா திரும்ப வேலைக்கு போகணுமே.

எந்தப் பக்கம் போனாலும் வேலைல சேர்றப்ப ரெண்டு கேளுங்க. சம்பள சிலிப் யார் பேர்ல வரும், பிஎஃப் புடிப்பாங்களா. சம்பளம் 21,000க்குள்ள இருந்தா இஎஸ்ஐயும் (தொழிலாளர் மருத்துவ காப்பீடு) உண்டான்னு சேத்து கேளுங்க. கரஸ் சேரணும்னு முடிவு பண்ணிட்டா அட்மிஷன் தேதிய முன்கூட்டியே பாத்து வைங்க, திறந்தநிலைல ஜூலைய ஒட்டி ஒண்ணு, ஜனவரிய ஒட்டி ஒண்ணுன்னு வருஷத்துல ரெண்டு தடவை எடுக்கறாங்க, ஒண்ணு தவறினா அடுத்ததுல சேந்துக்கலாம்.