கொக்குவில் ஒழுங்கை வீட்டு நெட்: பைபரும் சிம் ரவுட்டரும்

வீட்டில ரெண்டு கனெக்சன் ஓடுது, ஒண்டு கண்ணாடி இழை வயரில வாற பைபர், மற்றது சிம் போடுற 4ஜி ரவுட்டர். கம்பனிப் பேரை விடுவம், பிறகு வம்பு.

பைபர் நல்லம்தான், பிள்ளையள் ரெண்டும் சூம் கிளாசில இருக்கேக்க கனடாப் பெரியம்மா வட்சப் வீடியோவில வந்தாலும் ஸ்ரக் ஆகாது. ஆனா போன மாசம் வைக்கல் ஏத்தின லான்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மிசின்) ஒண்டு ஒழுங்கையால போகேக்க வயரை இழுத்து அறுத்துப்போட்டுது, ரவுட்டரில சிவப்பு லைட் மினுங்கத் துவங்கினது நாலு நாள் நிக்கேல்லை. ஹொட்லைனுக்கு அடிச்சா பாட்டுத்தான். அஞ்சாம் நாள் வந்தது கம்பனி ஆக்களே இல்லை, கொன்ராக்ட் பெடியள் ரெண்டு பேர், மோட்டசைக்கிள் சீற்றில மிசினை வைச்சு, தலைமயிர் மாதிரிக் கிடந்த கண்ணாடி இழையை ஸ்பிறிற்றால துடைச்சு ஒட்டி, கால் மணித்தியாலத்தில முடிச்சிட்டாங்கள். உதுக்கு நாலு நாள்!

சிம் ரவுட்டருக்கு வயர்த் தொல்லை இல்லை, ஆனா ஒரு டவரை எல்லாரும் பங்கு போடுறபடியா இரவு 7 மணிக்குப் பிறகு இழு இழு எண்டு இழுக்கும், நல்லூர்த் திருவிழா 25 நாளும் கதைக்கவே வேண்டாம்.

இதைச் சொன்னா பக்கத்து வீட்டு அண்ணை "எல்லாத்தையும் தனியாருக்குக் குடுக்கோணும்" எண்டுவார், அவற்றை மச்சான் "விக்கவே கூடாது" எண்டு நிப்பார். தேடிப் பாத்தா சிரிப்புத்தான் வருது. அரசாங்கத்தின்ரை எண்டு நாங்கள் நினைக்கிற ஸ்ரீலங்கா டெலிகொமில 35 வீதத்தை 1997இலயே ஜப்பான் கம்பனிக்கு வித்தாச்சு, இப்ப அரசாங்கத்திட்டக் கிடக்கிறது 49.5 வீதம், கிட்டத்தட்ட 45 வீதம், ஜப்பான்காரற்றை பங்கைப் பிறகு வாங்கின மலேசியாக் குறூப் ஒண்டிட்ட. 2023இல மிச்சத்தையும் விக்க வெளிக்கிட்டவை, 2024இல ஆட்சி மாறினாப்போல நிப்பாட்டினவை. சரி, தனியார் எண்டுற டயலொக் போன் கம்பனி? தாய்க் கம்பனி ஆக்சியாட்டா, அதில பெரிய பங்குக்காரர் மலேசிய அரசாங்கத்தின்ரை முதலீட்டு நிதி கசானா. அப்ப ஆர் அரசாங்கம், ஆர் தனியார்?

பூட்டுற திறப்பு மட்டும் கொழும்பிலதான். 2022 ஏப்ரல் 3 பேஸ்புக், வட்சப் எல்லாம் நிண்ட அண்டைக்கு பைபரும் ஒண்டுதான் சிம்மும் ஒண்டுதான், தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின்ரை ஓடர் எல்லாக் கம்பனிக்கும் போனது, தடையைச் சுத்திப் போற வீபிஎன் போட்ட பெடியள்தான் தப்பினவை. சட்டலைற்றால நெட் தாற ஸ்டார்லிங்க் வந்திட்டுதே எண்டுறவைக்கு ஒண்டு, அதுக்கு 2024இல லைசன்ஸ் குடுத்ததும் அதே தொலைத்தொடர்பு ஆணைக்குழுதான்.

என்னைக் கேட்டா வேலைக்கு பைபர், அவசரத்துக்கு சிம். பைபர் போடேக்க பக்கத்தில நிண்டு, ஒழுங்கைக்கு மேலால வாற வயரை வைக்கல் உயரத்துக்கு மேல கட்டச் சொல்லுங்கோ.