மின்காரில் இரவுத் தூக்கம்: உள்ளே படுப்பதா, பக்கத்தில் கூடாரமா, கூரைமேல் கூடாரமா?

மின்காரை எடுத்துக்கொண்டு கேம்பிங் போகலாம் என்று பேச்செடுத்தாலே, "ராத்திரி முழுக்க ஏசி ஓடினால் காலையில் வண்டி கிளம்புமா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். கிளம்பும். இந்தக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். இது தெளிந்துவிட்டால், மூன்று வழிகளில் எது யாருக்கு என்று சொல்வது சுலபம்.

இன்றைய நடுத்தர மின்கார்களில் பெரும்பாலும் 60 முதல் 80 யூனிட் (கிலோவாட்-மணி) வரை பிடிக்கும் பேட்டரி இருக்கிறது. நிற்கிற வண்டியில் ஏசியைப் போட்டதும் முதல் கால் மணி நேரம் இரண்டு, மூன்று கிலோவாட் இழுக்கும். உள்ளே குளிர்ந்த பிறகு அரை முதல் ஒரு கிலோவாட்டுக்குள் அடங்கிவிடும். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 4 முதல் 8 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். 75 யூனிட் பேட்டரியில் அது பத்தில் ஒரு பங்கைத்தான் எட்டும். ஓட்டத்தில் கணக்கிட்டால் 25 முதல் 50 கிலோமீட்டர் தூரம் குறையும், அவ்வளவுதான்.

குளிர் இரவுக்குக் கணக்கு வேறு. அங்கே உங்கள் வண்டியில் ஹீட் பம்ப் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. ஹீட் பம்ப் வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்து வருகிறது. மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். சாதாரண மின்கம்பி ஹீட்டரில் ஒன்றுக்கு ஒன்றுதான். நீர் உறையும் குளிரில் அப்படிப்பட்ட ஹீட்டரை விடிய விடிய ஓட்டினால் 12, 15 யூனிட் வரை போய்விடும். காரின் சுவர் என்பது மெல்லிய தகடும் கண்ணாடியும்தானே, வெப்பம் அதில் நிற்பதில்லை. ஒரே தொழிற்சாலையில் ஒரே பெயரில் வரும் கார்களிலேயே சிலவற்றில் ஹீட் பம்ப் உண்டு, சிலவற்றில் இல்லை. டெஸ்லா மாடல் ஒய்யில் 2020-இல் வெளிவந்தது முதலே இருக்கிறது; மாடல் 3-இல் அதற்குப் பிறகுதான் வந்தது. உங்கள் வண்டியில் எது என்று கிளம்பும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, இரவைத் தாங்கும் தெம்பு பேட்டரிக்கு உண்டு. தூக்கத்தைக் கெடுப்பவை வேறு: படுக்கையின் சரிவு, கண்ணாடியில் வழியும் நீர், அடைத்த காற்று, கண்ணில் அடிக்கும் வெளிச்சம். மூன்று வழிகளையும் இவற்றை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

காருக்குள்ளேயே படுப்பது

புழுக்கமான இரவுக்கு இதை அடித்துக்கொள்ள வேறு வழியே இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியை ஓடவிட்டால் கொசு இல்லை, வியர்வை இல்லை, வெளிச்சத்தமும் குறைவு. பெட்ரோல், டீசல் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. நின்றபடி ஓடும் என்ஜினின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, தூங்குபவரை எழுப்பாமலேயே கொன்றுவிடும். மின்காரில் எரியும் பொருளும் இல்லை, புகையும் இல்லை. ஆனால் இந்தத் தைரியத்தில் கேஸ் அடுப்பையோ கரிச்சட்டியையோ உள்ளே கொண்டுபோய்விடாதீர்கள். அந்த நச்சு எரியும் எதிலிருந்தும் வரும்.

இந்த வழியில் இரண்டு மாதிரி வண்டிகள் போட்டிபோடுகின்றன. டெஸ்லா கொண்டுவந்த கேம்ப் மோடு ஒருவகை. திரையில் ஒரு தொடுதலில் இரவு முழுக்க நீங்கள் வைத்த வெப்பநிலை நிற்கும், யூஎஸ்பி பாயிண்டுகள் உயிரோடு இருக்கும். நீங்கள் உள்ளே அசைவதற்கெல்லாம் காவல் கேமரா விழித்துக்கொள்ளாமல் அதுவே அணைந்துவிடும். சார்ஜ் 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் இந்த மோடு கிடைக்காது, ஆகவே காலி பேட்டரியோடு முகாமுக்குப் போய்ப் பிரயோஜனம் இல்லை. இன்னொரு வகை ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா இவி6 போன்றவற்றில் இருக்கும் யூட்டிலிட்டி மோடு. பெரிய பேட்டரியிலிருந்து ஏசி, விளக்கு, 12 வோல்ட் சாதனங்கள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் போகும். இது முக்கியம். இதைப் போடாமல் வெறுமனே அக்சசரி நிலையில் (வண்டியை முழுதாக இயக்காமல் பாட்டு, விளக்கு மட்டும் ஓடும் நிலை) விட்டுவிட்டுத் தூங்கினால் வண்டியை எழுப்பும் சின்ன 12 வோல்ட் பேட்டரி வடிந்துபோய், பெரிய பேட்டரி நிறைய இருக்கும்போதே வண்டி எழுந்திருக்காது.

இரண்டில் எது? தூக்கத்துக்கு மட்டும் என்றால் டெஸ்லாவின் ஏற்பாடு சுலபம், கூடுதலாக எதையும் யோசிக்க வேண்டாம். தூக்கத்தோடு சமையலும் என்றால் ஹூண்டாய், கியா பக்கம்தான் என் கை சாயும். காரணத்தைக் கூடாரப் பகுதியில் சொல்கிறேன்.

இனி படுக்கை. விளம்பரப் படத்தில் பின்சீட்டை மடக்கினால் தரை தட்டையாக விரிந்திருக்கும். நேரில் பார்த்தால் மடங்கிய சீட்டின் முதுகு டிக்கித் தரையைவிட லேசாக உயர்ந்து, முன்பக்கம் நோக்கி ஏறும். மடிப்பு விழும் இடத்தில் இடுப்பில் உறுத்தும் ஒரு பள்ளமும், முன்சீட்டுக்குப் பின்னால் தலையணை விழுந்துவிடும் ஒரு இடைவெளியும் இருக்கும். தலையை ஏற்றப் பக்கம் வைத்துப் படுத்தால் அந்தச் சரிவு உதவியாகிவிடும். இடைவெளியில் துணிப்பையைத் திணித்துவிடுங்கள். பள்ளத்தை எட்டு, பத்து சென்டிமீட்டர் தடிமன் உள்ள ஃபோம் மெத்தை மறைத்துவிடும். காற்றடைத்த மெத்தையில் பக்கத்தில் இருப்பவர் புரண்டால் நீங்களும் எழும்புவீர்கள். ஒருவர் மட்டும் படுப்பதற்கு அது சரி. அப்புறம், வண்டி நிற்கும் தரை. பக்கவாட்டில் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் விடிவதற்குள் கதவோரம் ஒட்டிக்கொண்டு கிடப்பீர்கள். நிறுத்தியதும் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தரையில் படுக்கவைத்துப் பாருங்கள், உருண்டால் வண்டியை நகர்த்திப் போடுங்கள்.

காற்று விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. தூங்கும் ஒருவர் மணிக்கு 12 முதல் 15 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். காருக்குள் இருப்பது மூவாயிரம், நாலாயிரம் லிட்டர் காற்றுதான். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) இருக்கும் இந்த வாயு, இறுக்க மூடி உள்காற்றையே சுழலவிட்டால் இருவர் மூச்சில் ஒரு மணி நேரத்துக்குள் சில ஆயிரத்தைத் தொட்டுவிடும். காலையில் தலை கனக்கும், தூங்கியதுபோலவே இருக்காது. மூச்சிலும் வியர்வையிலும் போகும் ஈரம் இன்னொன்று: இருவருக்கு ஓர் இரவில் அரை லிட்டர் அளவுக்கு வரும். முதலில் பின்கண்ணாடியின் மூலையில் லேசான பனிப்படலம், பிறகு முத்து முத்தாகத் துளி, விடியும்போது மெத்தையின் ஓரம் நனைந்திருக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். காற்றை வெளியிலிருந்து எடுக்கும் நிலையில் வைத்து, ஏசியையும் ஓடவிடுங்கள். ஏசி குளிர்விப்பதோடு ஈரத்தையும் உறிஞ்சிவிடும். கொஞ்சம் மின்சாரம் கூடுதலாகப் போகும், போகட்டும்.

பக்கத்தில் கூடாரம், காரிலிருந்து மின்சாரம்

இதற்கு வி2எல் வசதி வேண்டும். சார்ஜ் போடும் துளையில் ஒரு அடாப்டரைச் செருகினால் வண்டியே வீட்டு பிளக் பாயிண்டாகிவிடும். ஐயோனிக் 5-இல் 230 வோல்ட் நாடுகளில் 3.6 கிலோவாட் வரை தருகிறது. பிஒய்டி அட்டோ 3 உள்பட இன்னும் பல வண்டிகளிலும் இப்போது இது வந்துவிட்டது. டெஸ்லாவில் பெரும்பாலான வண்டிகளுக்கு இது இல்லை. உள்ளே இருக்கும் 12 வோல்ட் பாயிண்டில் 150 வாட்டைச் சுற்றித்தான் எடுக்கலாம். போன், சின்ன விளக்கு, மின்விசிறிக்கு அது போதும், அடுப்புக்கு ஆகாது. வி2எல் இருந்தால் இண்டக்‌ஷன் அடுப்பில் இரவுச் சமையலை முடித்துவிடலாம். அரை மணி நேரச் சமையலுக்கு ஒரு யூனிட் கூட ஆகாது. தீப்பொறி பயமில்லை, காற்றில் அடுப்பு அணைகிற தொல்லையும் இல்லை.

குளிர் இரவில் இந்த வழியைத்தான் நான் முதலில் வைப்பேன். காருக்குள் படுத்தால் உங்களைச் சுற்றியுள்ள மொத்தக் காற்றையும் சூடாக்க வேண்டியிருக்கிறது. கூடாரத்தில் மின்போர்வை உடம்பை மட்டும் சூடாக்குகிறது. ஒரு போர்வைக்கு 60 முதல் 100 வாட். எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவு. கால் நீட்டிப் படுக்கலாம், எழுந்து உட்காரலாம், சரிவும் பள்ளமும் இல்லை. குழந்தைகளோடு போனால் இதுவே வசதி.

ஒரு சங்கதியை மறந்துவிட வேண்டாம். வி2எல் ஓடும்போது வண்டியின் கணினிகளும் விழித்திருக்கும். அவை மட்டுமே நூறு, இருநூறு வாட் தின்னும். போர்வையை விட வண்டி விழித்திருப்பதற்கே அதிகம் செலவாகலாம். இதைத் தவிர்க்க நினைத்தால் ஒரு யூனிட் பிடிக்கும் கையடக்க லித்தியம் பேட்டரிப் பெட்டியை ஓட்டத்தின்போதே காரில் சார்ஜ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் போர்வையை ஓட்டினால் வண்டி நிம்மதியாகத் தூங்கும். ஐயோனிக் 5-இல் சார்ஜ் எவ்வளவுக்கு இறங்கினால் வி2எல் நின்றுவிட வேண்டும் என்று 20 முதல் 80 சதவீதம் வரை நீங்களே வைத்துக்கொள்ளலாம். அடுத்த சார்ஜர் வரை போக எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்குமேல் பத்து சதவீதம் சேர்த்து வைத்துவிட்டால் கவலையில்லை.

புழுக்கத்தில் மட்டும் கூடாரம் தோற்றுப்போகும். துணிச் சுவருக்குள் ஏசி போடுவது வெளியையே குளிர்விக்கப் பார்ப்பது மாதிரி. மின்விசிறி வைக்கலாம், ஆனால் காற்றே சூடாக இருக்கும்போது விசிறி என்ன செய்யும்? பலத்த மழையிலும் காருக்குள் படுப்பவருக்கே நிம்மதி.

கூரைமேல் கூடாரம்

பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. பூச்சிபுழு பயமில்லை, ஈரத் தரை இல்லை, பிரித்தால் உடனே படுக்கை தயார். ஆனாலும் மின்காருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். மற்ற இரண்டு வழிகளில் மின்சாரம் செலவாவது இரவில், அதுவும் சில யூனிட். இதில் செலவு சாலையில், போகும்போதும் வரும்போதும். நெடுஞ்சாலை வேகத்தில் வண்டியின் சக்தியில் பெரும்பங்கு காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. கூரைமேல் ஒரு பெட்டியை ஏற்றினால் ஓட்டத்தில் பத்து முதல் இருபத்தைந்து சதவீதம் குறையலாம். 300 கிலோமீட்டர் போய்வரும் பயணத்தில் இது ஓர் இரவு ஏசியைவிடக் கூடுதலாகத் தின்றுவிடக்கூடும்.

எடையையும் பார்க்க வேண்டும். மாடல் ஒய்யின் கூரை கேரியர் ஓடும்போது 75 கிலோ வரைதான் தாங்க அனுமதி. கூரைக் கூடாரங்கள் சாதாரணமாகவே 50 முதல் 80 கிலோ இருக்கின்றன. நின்ற பிறகு இரண்டு பேர் ஏறிப் படுக்கலாமா என்பது வேறு அளவு, அது ஓட்ட அளவைவிடக் கூடுதலாக இருக்கும். இரண்டையும் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுக்க வேண்டும். ஒரே இடத்தில் பல நாள் தங்குபவர்கள், அதிகத் தூரம் ஓட்டாதவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம்.

படுப்பதற்கு முன்

காருக்குள் படுப்பவர்கள், உள்ளே அசைவைக் கண்டால் அலறும் அலாரம் உங்கள் வண்டியில் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, கண்ணாடிகளுக்கு அளவெடுத்து வெட்டிய தடுப்பை ஒட்டுங்கள். கதவை பட்டனால் திறக்கும் வண்டியானால், மின்சாரம் இல்லாதபோது கையால் திறக்கும் பிடி எங்கே இருக்கிறது என்று முன்கதவுக்கும் பின்கதவுக்கும் தனித்தனியாகத் தேடிப் பார்த்து, உடன் வருபவர்களுக்கும் ஒரு தரம் திறந்து காட்டுங்கள். பின்கதவுப் பிடி சில வண்டிகளில் மூடிக்கு அடியில் மறைந்திருக்கும். இருட்டில் தேட முடியாது.

தங்குமிடத்தில் பிளக் பாயிண்ட் கிடைத்தால் மேலே சொன்ன குளிர்காலக் கணக்கு தலைகீழாகிவிடும். 230 வோல்ட், 10 ஆம்பியர் பாயிண்டில்கூட எட்டு மணி நேரத்தில் சுமார் 18 யூனிட் ஏறும். உள்ளே ஹீட்டர் ஓடினாலும் காலையில் சார்ஜ் குறைந்திருக்காது, பேட்டரியும் கிளம்பும் முன் கதகதப்பாக இருக்கும். அப்படி இடம் கிடைத்தால் குளிரிலும் காருக்குள்ளேயே படுங்கள். அதற்காக வேகச் சார்ஜர் முன்னால் போய்ப் படுக்கை விரிக்க வேண்டாம். சார்ஜ் முடிந்தபின் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பல இடங்களில் கட்டணம் போடுகிறார்கள், பின்னால் ஒருவர் காலி பேட்டரியோடு காத்துக்கொண்டும் இருக்கலாம். மாலையிலேயே சார்ஜை ஏற்றிக்கொண்டு, முகாமுக்கு 60 சதவீதத்துக்கு மேல் வைத்துப் போய்ச் சேருங்கள்.