சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன்: இணையத்தில் இலவசம், பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அவசியம்

தமிழ் வீட்டுப்பாடத்துக்குக் கூகல் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து, 1939இல் பின்னிணைப்போடு முடிந்த அகராதி இது, ஒரு லட்சத்துக்கும் மேல் சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

கடினமான சொல் எதுவும் வேண்டாம், 'மக்கள்' என்று தேடிப் பாருங்கள். இங்கே சிங்கப்பூரில் வளரும் பிள்ளைக்குத் தினமும் காதில் விழும் சொல், நாட்டின் உறுதிமொழியே 'சிங்கப்பூர் மக்களாகிய நாம்' என்றுதான் தொடங்குகிறது, மக்கள் கழகம், மக்கள்தொகை என்று இன்னும் எத்தனையோ, அதனால் ஒரு நாட்டில் குடியிருப்பவர்கள் என்ற அளவிலேயே மனத்தில் பதிந்துவிடுகிறது. அகராதியோ மனிதர் அனைவர், பிள்ளைகள் என இரண்டு பொருளையும் காட்டுகிறது. திருக்குறளில் இரண்டுமே உண்டு: 'மக்கட்பேறு' பிள்ளைகளைப் பற்றியது, 997ஆம் குறளின் 'மரம்போல்வர் மக்கட்பண்பு இல்லா தவர்' மனிதத்தன்மை பற்றியது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் நூற்பாவும் 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே' என்கிறது. ஆணோ பெண்ணோ, எந்த ஊரோ, மனிதர் அத்தனை பேரும் ஒரே திணை! இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடவே கூடாது. கட்டுரையில் 'மனிதன் காடுகளை அழிக்கிறான்' என்று எழுதும் பிள்ளையிடம் 'மனிதர்கள்' என்றோ 'மாந்தர்' என்றோ எழுதச் சொல்லுங்கள், அப்போதுதான் பெண்களும் அதற்குள் வருகிறார்கள்.

பொருளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்தே தருவது நம் பிள்ளைகளுக்குப் பெரிய வசதி. மேற்கோள் எந்த நூலில் இருந்து வருகிறது என்பதும் இருக்கும், ஆனால் நூற்பெயர்கள் சுருக்கமாக இருப்பதால் பழகக் கொஞ்ச நாள் ஆகும். அப்புறம், முடிந்து எண்பது ஆண்டுக்கு மேலான அகராதி என்பதால் பிற்காலத்தில் வந்த சொற்களை இதில் தேடிப் பயனில்லை, எந்தச் சொல் இன்றைக்குப் புழக்கத்தில் இருக்கிறது என்பதும் தெரியாது. அதற்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதிதான் சரி, 1992இல் முதலில் வந்தது, மூன்றாம் பதிப்பு 2020இல். இன்றைய தமிழில் எடுத்துக்காட்டு வாக்கியங்களும் உண்டு. என்னைக் கேட்டால் தொடக்கநிலைப் பிள்ளைக்கு க்ரியா போதும். உயர்நிலைக்குப் போனதும் லெக்சிகனைத் திறந்து கொடுங்கள், முதல் சில வாரம் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சுருக்கக் குறிகளைப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் நல்லது.