பிலடெல்பியாவில் சந்தைக்கு வராத வீடுகள்: நான்கு ஆண்டு அனுபவம்

2021 கோடையில் இந்த வேலையைத் தொடங்கினேன். விற்பனைப் பட்டியலில் ஏறாத வீட்டைத் தேடிப் பிடித்து, உரிமையாளருடன் அக்ரிமென்ட் போட்டு, அதை ஒரு முதலீட்டாளருக்குக் கைமாற்றி விடுவது. இங்கே ஹோல்சேலிங் என்பார்கள். நம் ஊர்த் தரகர்கள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, கெடு முடிவதற்குள் வேறு ஆளைக் கொண்டுவந்து கிரயம் முடிப்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். இதுவரை 11 ஒப்பந்தம் போட்டிருக்கிறேன், 7 முடிந்திருக்கின்றன.

முதல் வருடம் மாதச் சந்தா கட்டி ஒரு செயலியில் வீட்டு உரிமையாளர்களின் பட்டியல் எடுத்து, வீட்டை விற்கிறீர்களா என்று கேட்டு போஸ்ட்கார்டு அனுப்பினேன். பிலடெல்பியாவின் ஓல்னி பகுதியில் ஒரு அம்மா சமையலறை மேசையில் அந்த வாரம் வந்த கார்டுகளைப் பரப்பிக் காட்டினார். என்னுடையதோடு சேர்த்து ஒன்பது. எல்லாம் அதே மஞ்சள் நிறம், அதே கையெழுத்து மாதிரி அச்சு. சந்தாவை அந்த மாதமே நிறுத்தினேன். அனுமதி கேட்காமல் கண்ட எண்களுக்கெல்லாம் குறுஞ்செய்தி அனுப்பும் வழியைத் தொடவே இல்லை. வழக்கு போட்டால் ஒரு செய்திக்கே 500 முதல் 1,500 டாலர் வரை கட்ட வேண்டி வரும்.

இப்போது சனிக்கிழமைகளில் ஜெர்மன்டவுன், ஓல்னி தெருக்களில் நடக்கிறேன். தொங்கும் மழைநீர்த் தகரம், மாடி ஜன்னலில் ஆணியடித்த பலகை, நிரம்பி வழியும் தபால் பெட்டி இவற்றைப் பார்த்து முகவரியைக் குறித்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து நகராட்சியின் அட்லஸ் இணையதளத்தில் அதைப் போட்டால் உரிமையாளர் பெயர், கடைசிப் பத்திரம், விதிமீறல் நோட்டீஸ் எல்லாம் வந்துவிடும். காசே வாங்காத இந்தத் தளம்தான் நான்கு வருடத்தில் எனக்கு அதிகம் உதவியது.

கணக்கு இப்படி. பழுது பார்த்தபின் 2,20,000 டாலருக்குப் போகும் வீடு என்று வையுங்கள். முதலீட்டாளர் கணக்குப் போடுவது அதில் 70 சதவீதத்தை வைத்துத்தான், அதாவது 1,54,000. பழுதுச் செலவு 52,000 போனால் 1,02,000. என் கட்டணம் 8,000 போக, உரிமையாளருக்கு 94,000. வீடு ஓரளவு நல்ல நிலையில் இருந்தால் ஏஜென்ட் மூலம் விற்பதே அவருக்கு லாபம். அப்படிப்பட்டவரிடம் அதைச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

2022-ல் வட்டி ஏறியபோது ஒரு முதலீட்டாளர் கிரயத்துக்கு மூன்று நாள் முன்பு பின்வாங்கினார். விற்பவர் அதற்குள் வாடகை வீட்டுக்கு 1,200 டாலர் முன்பணம் கட்டி, சாமான்களைப் பெட்டியில் அடைத்திருந்தார். அந்தப் பணத்தை நான்தான் கொடுத்தேன். அப்புறம் வாங்குபவரிடம் பணம் இருப்பதைக் காட்டும் வங்கிக் கடிதம் பார்க்காமல், கிரயத்தை நடத்தித் தரும் டைட்டில் கம்பெனியில் திரும்பப் பெற முடியாத முன்பணம் கட்டவைக்காமல் யாருக்கும் கைமாற்றியதில்லை.

2025 ஜனவரியில் எங்கள் மாநிலமான பென்சில்வேனியாவின் சட்டம் மாறியது. ஹோல்சேலிங் செய்ய ரியல் எஸ்டேட் உரிமம் வேண்டும். கிரயம் முடியாதவரை, விற்பவர் 30 நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். தொழிலில் பலர் முணுமுணுத்தார்கள். நான் 75 மணி நேரப் படிப்பை முடித்துத் தேர்வு எழுதினேன். "நான் இந்த வீட்டை வாங்கப் போவதில்லை, வாங்குபவரைக் கூட்டி வருவேன், நடுவில் எனக்கு இவ்வளவு" என்று முதல் சந்திப்பிலேயே சொல்கிறேன். வேண்டாம் என்பவர்கள் அங்கேயே சொல்லிவிடுகிறார்கள்.

இந்த ஊரில் பெரிய சிக்கல் வில்லங்கம்தான். குடியிருப்பவர் ஒருவர், பத்திரத்தில் இருப்பவர் இறந்துபோன இன்னொருவர். இப்படி 10,000-க்கும் மேற்பட்ட வீடுகள் இருப்பதாக 2021-ல் பியூ என்ற ஆய்வு அமைப்பு கணக்கிட்டது. ஜெர்மன்டவுனில் ஒரு பெண்மணியின் வீடு 1998-ல் இறந்த அவர் தாயார் பெயரிலேயே இருந்தது. உயில் டிராயரில் துணிகளுக்கு அடியில், தாயாரின் சர்ச் புகைப்படத்தோடு ஒரே உறையில் கிடந்தது. சிட்டி ஹாலில் உயில் பதிவாளர் அலுவலகத்துக்கு இரண்டு முறை அவரோடு போனேன். வருமானம் குறைந்தவர்களுக்கு இந்தச் செலவுக்கென்றே ஒரு நிதி இருக்கிறது, அதற்கும் விண்ணப்பித்தோம். ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் அவர் தம்பியின் கையெழுத்துக்காக மட்டும் ஆறு வாரம் காத்திருந்தோம். மொத்தம் ஐந்து மாதம்.

பத்திரம் தன் பெயருக்கு மாறிய வாரம் அவர் கூப்பிட்டார். விற்கப் போவதில்லை, இங்கேயே இருந்துகொள்கிறேன் என்றார். சரி, நல்ல முடிவு என்றேன். கூரை ஒழுகுகிறது, நம்பிக்கையான ஆள் யாராவது தெரியுமா என்று கேட்டார். என் முதலீட்டாளர்களுக்கு வேலை செய்யும் கூரைக்காரரின் எண்ணைக் கொடுத்தேன்.